பேச்சுப் பரீட்சையும் வீட்டுக் கிணறும்

அவுஸ்திரேலியாவில் வாழும் நம்மவர் இல்லங்களில் 'ஐயெல்ற்ஸ்' என்னும் பெயர் காதில் விழாத வீடு அரிது. ஊரிலிருந்து வரவிருக்கும் தம்பிக்கோ, படிக்க வந்து நிரந்தர வதிவிட உரிமைக்கு விண்ணப்பிக்கும் மருமகளுக்கோ, தாதியாகப் பதிவு பெறக் காத்திருக்கும் அயல்வீட்டுப் பெண்ணுக்கோ இந்த ஆங்கிலப் பரீட்சை வாசலில் நிற்கும் காவற்காரனாக இருக்கிறது. கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் என்று அதற்கு நான்கு பகுதிகள். முதல் மூன்றிலும் பரீட்சார்த்தியின் முன் இருப்பது தாளோ திரையோதான். நான்காவதில் முன்னே இருப்பவர் ஒரு மனிதர். வீட்டிலே தாராளமாகப் பேசுகின்றவர்கூட அந்த அறைக்குள் சென்றதும் நா வறண்டு போவதற்குக் காரணம் இதுவே.

இப்பரீட்சையில் அரைப் புள்ளிக்கும் பெறுமதி பெரிது. திறன்சார் குடிவரவுக்கான புள்ளிக் கணக்கில், நான்கு பகுதிகளிலும் 7 பெற்றவருக்கு 10 புள்ளிகளும், நான்கிலும் 8 பெற்றவருக்கு 20 புள்ளிகளும் சேர்கின்றன. இப்பரீட்சையின் வழியாகத் தாதியாகப் பதிவு செய்ய விரும்புவோர் பேச்சில் 7 எடுத்தாக வேண்டும். 6.5 என்று பெறுபேறு வந்தால், ஊரில் எத்தனை ஆண்டுகள் வைத்தியசாலையில் கடமையாற்றியிருந்தாலும் பதிவு கிடையாது. மறுபடியும் 400 டொலருக்கு மேற்பட்ட கட்டணம், மறுபடியும் காத்திருப்பு, அதற்கிடையில் விசாவில் உள்ள திகதி நெருங்கிக்கொண்டே வரும். அரைப் புள்ளியால் ஒரு குடும்பத்தின் வருங்காலமே தள்ளிப் போவதுண்டு.

அப்பேச்சுப் பரீட்சையில் அடிக்கடி இடம்பெறும் விடயங்களுள் இரண்டு: ஒன்று அன்றாட வாழ்க்கை, மற்றது சுற்றாடல். முதலாவதை மிக இலகுவானது என்று நம்மவர் அலட்சியம் செய்கின்றனர். இரண்டாவதை விஞ்ஞானிகளுக்குரியது என்று அஞ்சுகின்றனர். உண்மையில் இரண்டுமே பரீட்சார்த்தியின் சொந்த வீட்டையும் சொந்தப் பழக்கத்தையும் பற்றியவை. இதனை உணர்ந்துகொண்டால் பாதி அச்சம் நீங்கும்.

அச்சத்தின் பழைய வேர்

இந்நாட்டில் மொழிப் பரீட்சை என்றதும் முதியோர் சிலர் ஐயுறுவதில் நியாயம் இல்லாமலில்லை. 1901ஆம் ஆண்டின் குடிவரவுக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, வந்திறங்கும் ஒருவரை நிறுத்தி, ஐரோப்பிய மொழி ஒன்றில் 50 சொற்கள் கொண்ட பந்தியை அதிகாரி வாசிக்க, அவர் பிழையின்றி எழுதிக் காட்ட வேண்டும். எந்த மொழி என்பதைத் தீர்மானிப்பவர் அதிகாரியே. வேண்டாதவரை விலக்குவதற்கென்றே வகுக்கப்பட்ட சூழ்ச்சி அது. 1934ஆம் ஆண்டில், பல மொழிகள் அறிந்த எகோன் கிஷ் என்னும் பிராக் நகர எழுத்தாளரை விலக்க எண்ணியோர், ஸ்கொற்லாந்தின் கேலிக் மொழியில் பந்தி வாசித்தனர். அவர் தோற்றார். ஆயினும் அவ்வாண்டே அவுஸ்திரேலிய உயர் நீதிமன்றம், சட்டம் கருதிய ஐரோப்பிய மொழி அதுவன்று என்று தீர்ப்பளித்தது. 1958ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டத்தோடு அந்தப் பரீட்சை முறை ஒழிந்தது.

இன்றைய பரீட்சை அத்தகையதன்று. 1980இல் தொடங்கிய முன்னோடிப் பரீட்சை ஒன்றிலிருந்து வளர்ந்து, 1989இல் இப்பெயர் பெற்றது. பிரிட்டிஷ் கவுன்சில், ஐ.டி.பி., கேம்பிரிட்ஜ் ஆகிய மூன்றும் இதன் பங்காளிகள். பேச்சுப் பகுதியின் இப்போதைய மூன்று பிரிவு அமைப்பு 2001இல் வந்தது. எந்தப் புள்ளிக்கு எத்தகைய பேச்சு வேண்டும் என்ற அட்டவணையையும் எவரும் வாசிக்கும்படி வெளியிட்டிருக்கிறார்கள். கட்டணம் கூடுதல் என்று முறையிடலாம். அரைப் புள்ளிக்காகத் தடுப்பது கடுமை என்றும் வாதிடலாம். ஆனால் பரீட்சார்த்தியை விழுத்துவதற்காகப் போட்ட பொறி என்று எண்ணிக்கொண்டு அறைக்குள் செல்வது வீண்.

பரீட்சையின் அமைப்பு

மொத்த நேரம் 11 முதல் 14 நிமிடங்கள். பேச்சு முழுவதும் ஒலிப்பதிவு செய்யப்படும். முதற் பிரிவு 4 முதல் 5 நிமிடங்கள். வீடு, குடும்பம், தொழில், படிப்பு, பொழுதுபோக்கு முதலியவை பற்றிய நேரான வினாக்கள். இரண்டாம் பிரிவில் ஒரு சீட்டுத் தரப்படும். அதில் ஒரு விடயமும், தொட்டுச் செல்ல வேண்டிய குறிப்புகள் சிலவும் இருக்கும். தாளும் பென்சிலும் கொடுத்து ஒரு நிமிடம் ஆயத்தம் செய்ய விடுவார்கள். பின்னர் ஒன்று முதல் இரண்டு நிமிடங்கள் தனியே பேச வேண்டும். மூன்றாம் பிரிவில், அதே விடயத்தை அடியொற்றிப் பொதுவான வினாக்கள் 4 முதல் 5 நிமிடங்கள் வரை தொடரும்.

புள்ளி இடுவது நான்கு நோக்கில்: தடையின்றித் தொடர்புபடப் பேசுதல், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு. நான்கிற்கும் சம மதிப்பு. முதல் இரண்டில் 7ம் அடுத்த இரண்டில் 6ம் பெற்றால் பேச்சுப் புள்ளி 6.5. இந்நான்கிலும் 'அறிவு' என்றோ 'நல்ல கருத்து' என்றோ ஒரு பத்தி இல்லாததைக் கவனிக்க வேண்டும். பிளாஸ்ரிக்கைத் தடை செய்ய வேண்டும் என்றாலும், தடை செய்யக்கூடாது என்றாலும் புள்ளியில் வேறுபாடு கிடையாது. சொன்னதை எப்படிச் சொன்னார், ஏன் என்று விளக்கினாரா என்பதே கணக்கு.

பணிவு மௌனமாகும் இடம்

நம்மவரிடையே பெரியோர் முன் அளவாகப் பேசுவது நல்ல பழக்கம். கேட்டதற்கு மாத்திரம் விடை சொல்லி, கைகட்டி நிற்பவனே நல்ல பிள்ளை. இதே பழக்கத்தோடு பரீட்சை அறைக்குள் சென்றவர் இடர்ப்படுகிறார். "நீங்கள் வசிக்கும் பகுதி உங்களுக்குப் பிடிக்குமா?" என்று பரீட்சகர் வினவுகிறார். "ஆம், பிடிக்கும்" என்று சொல்லிவிட்டு இவர் மரியாதையாகக் காத்திருக்கிறார். பரீட்சகர் அடுத்த வினாவுக்குச் செல்கிறார். அதற்கும் ஒரு வரி விடை. நேரம் முடிந்த பின், இவருக்கு எவ்வளவு ஆங்கிலம் தெரியும் என்பதை மதிப்பிட அந்த ஒலிப்பதிவில் போதிய பேச்சே இராது.

பரீட்சகரின் முன் சுருங்கப் பேசுவது பணிவாகாது. விளங்கப் பேசுவதே அங்கு பணிவு. விடையோடு காரணத்தையும், காரணத்தோடு ஓர் உதாரணத்தையும் சேர்த்துக்கொண்டால் போதும். மேற்படி வினாவுக்கே பின்வருமாறு விடை சொல்லலாம்: "ஆம், பெரும்பாலும் பிடிக்கும். அமைதியான இடம். றெயில் நிலையத்துக்கு நடந்தே போகலாம். ஆனால் பின்னேரங்களில் வீட்டெதிரே வாகனங்கள் கூடிவிடுவதால், பிள்ளைகளைத் தெருவில் சைக்கிள் ஓட விட எனக்குப் பயம்." இதிலே கடினமான சொல் ஒன்றுமில்லை. ஆனால் காரணம் இருக்கிறது, 'ஆனால்' இருக்கிறது, ஒரு தாயின் கவலையும் இருக்கிறது. இதே நான்கு வரிகளை எளிய ஆங்கிலத்தில் சொன்னவர், ஒரு சொல் விடையாளரைக் காட்டிலும் வெகு தூரம் முன்னே சென்றுவிட்டார்.

வினா விளங்காவிட்டால் மறுபடி சொல்லுமாறு கேட்பது குற்றமன்று. விளங்காமலே ஊகித்து வேறெதையோ பேசுவதுதான் நட்டம். அவ்வாறே, பேசிக்கொண்டிருக்கும்போது பரீட்சகர் இடைமறித்தால் மனம் தளரக்கூடாது. ஒவ்வொரு பிரிவுக்கும் அவர் மணிக்கூடு பார்த்து நேரம் காக்க வேண்டியவர். அவமதிப்பதற்காக அவர் நிறுத்துவதில்லை.

மனப்பாடத்தின் விளைவு

பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கையில், கைக்குக் கை மாறி வரும் விடைக் கொத்து ஒன்று வீட்டுக்குள் நுழைவதுண்டு. அதில் சுற்றாடலைப் பற்றி ஒரு பக்கம், போக்குவரத்தைப் பற்றி ஒரு பக்கம், உணவைப் பற்றி ஒரு பக்கம் என்று அழகிய ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். 'இன்றைய நவீன உலகில் பூகோள வெப்பமாதல் எரியும் பிரச்சினையாகத் திகழ்கிறது' என்பது போன்ற வாக்கியங்கள் நிறைந்திருக்கும். பரீட்சார்த்தி இரவிரவாக அதனை நெட்டுருப் பண்ணுகிறார்.

சமய பாடத்திலும் சரித்திர பாடத்திலும் நெட்டுருப் பண்ணியே சித்தியெய்திய தலைமுறைக்கு இது இயல்பான வழியாகத் தோன்றலாம். ஆனால் இங்கு அது பயன் தராது. பாடமாக்கிய விடைகளைக் கண்டறியப் பரீட்சகர்களுக்குப் பயிற்சி உண்டு. அதுவரை தட்டுத்தடுமாறி வந்த பேச்சு திடீரென்று வேகம் பிடித்து, குரல் ஒரே மட்டத்தில் நிற்க, கண் கூரையைப் பார்க்கும்போது எவருக்கும் அது விளங்கிவிடும். உடனே அவர், "நீங்கள் உங்கள் வீட்டில் என்ன செய்கிறீர்கள்?" என்று குறுக்கே ஒரு வினாவைப் போடுவார். கொத்தில் அதற்கு விடை இராது. அவ்விடத்தில் வரும் மௌனம், அதுவரை ஒப்புவித்த முழுவதையும் காட்டிக்கொடுத்துவிடும்.

சொற்களைக் கற்பது வேறு, விடைகளைப் பாடமாக்குவது வேறு. கழிவு, மறுசுழற்சி, வரட்சி, நிலத்தடி நீர், மழைநீர்த் தாங்கி, குப்பை மேடு, மாசு முதலியவற்றுக்கான ஆங்கிலச் சொற்களைப் பரீட்சார்த்தி கட்டாயம் கற்றிருக்க வேண்டும். அவற்றைக் கொண்டு எதைச் சொல்வது என்பது மாத்திரம் அவருடைய சொந்தமாக இருக்க வேண்டும்.

சுற்றாடல் என்பது வீட்டு முற்றமே

"சுற்றாடலைப் பற்றி எனக்கு என்ன தெரியும், மாமி? நான் சமைத்துப் பிள்ளை வளர்த்தவள்" என்று ஒரு மருமகள் சொன்னால், மாமியார் அவளுக்கு எடுத்துக்காட்ட வேண்டியவை பல உண்டு.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. சுண்ணாம்புக் கற்பாறையில் தங்கும் மழைநீரே கிணறுகளில் ஊறுகிறது. அந்த நீரைக்கொண்டே குடியிருப்பும் தோட்டமும் வாழ்ந்தன. கிணற்றடியில் குளித்த தண்ணீர் வாய்க்கால் வழியே வாழைக்கும் தென்னைக்கும் ஓடியது. பூவரசங் குழையைத் தோட்டத்து மண்ணில் தாழ்த்து உரமாக்கினார்கள். மரக்கறித் தோல் ஆட்டுக்குப் போயிற்று. சந்தைக்குப் பனையோலைக் கடகமும் உமலும் சென்றன. இவற்றை எவரும் 'சுற்றாடற் பாதுகாப்பு' என்று அழைக்கவில்லை. வீட்டு வேலை என்றே அழைத்தார்கள். இதையெல்லாம் கண்ணால் கண்டு வளர்ந்த ஒருவர், சுற்றாடல் வினாவுக்கு முன் தமக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்வது பொருந்தாது.

துலாவுக்கு ஆங்கிலச் சொல் வராவிட்டால் அங்கேயே நின்றுவிட வேண்டியதில்லை. 'கம்பம் ஒன்றின் மேல் ஏறி இறங்கும் நீண்ட மரம். அதன் நுனியில் வாளி தொங்கும். அதனால் தண்ணீர் அள்ளுவோம்' என்று எளிய சொற்களில் விளக்கலாம். சொல் கிடையாதபோது வேறு சொற்களால் பொருளை உணர்த்துவது புள்ளி அட்டவணையிலேயே குறிப்பிட்டுள்ள ஒரு திறமை. ஆகவே தெரியாத சொல் ஒன்று வந்து மறித்தால், அது திறமையைக் காட்டக் கிடைத்த தருணம் என்று கொள்ள வேண்டும்.

தமிழ்நாட்டிலிருந்து வந்தோரிடமும் இத்தகைய செய்திகளுக்குக் குறைவில்லை. 2003ஆம் ஆண்டளவில் வீடுதோறும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. ஆயினும் 2019ஆம் ஆண்டுக் கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, யூலை மாதம் சோலார்பேட்டையிலிருந்து றெயிலில் தண்ணீர் கொண்டுவர வேண்டியதாயிற்று. குடத்தோடு லொறிக்குக் காத்து நின்றவருக்குத் தண்ணீர்ப் பஞ்சத்தைப் பற்றிப் பேச எவரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. அதே ஆண்டு சனவரி முதலாந் திகதி ஒரு முறை பாவித்து எறியும் பிளாஸ்ரிக் பொருட்கள் அங்கே தடை செய்யப்பட்டன. 2021 டிசம்பரில் மஞ்சப்பையை மீண்டும் கைக்குக் கொண்டுவரும் இயக்கத்தை அரசு ஆரம்பித்தது. கலியாண வீட்டில் தாம்பூலத்தோடு கொடுத்த அந்தப் பை பேச்சுக்கு எடுத்த பொருளாகும்.

இந்நாட்டு வாழ்க்கையும் அவ்வாறே. பல நகரசபைகளில் சிவப்பு மூடி, மஞ்சள் மூடி, பச்சை மூடி என்று குப்பைத் தொட்டிகள் வாசலுக்கு வருகின்றன. எந்தக் கிழமை எந்தத் தொட்டி என்று வீட்டில் நடக்கும் சிறு தர்க்கமும் ஒரு நல்ல விடைதான். வெற்றுப் போத்தலைத் திருப்பிக் கொடுத்து 10 சதம் பெறும் திட்டம் மற்றோர் உதாரணம். தென் அவுஸ்திரேலியாவில் 1977இல் 5 சதத்தோடு தொடங்கிய வழக்கம், நியூ சவுத் வேல்ஸில் 2017 டிசம்பரிலும், விக்ரோறியாவில் 2023 நவம்பரிலும், தஸ்மேனியாவில் 2025 மே மாதத்திலும் நடைமுறைக்கு வந்தது. பேரப்பிள்ளை போத்தல் சேர்த்து உண்டியல் நிரப்புவதைப் பாட்டி ஒருவர் விவரித்தால், எந்த விடைக் கொத்திலும் இல்லாத விடை அது. 2008இன் இறுதியில், நெடு வரட்சியின்போது மெல்பேண் வாசிகள் ஆளொன்றுக்கு நாளுக்கு 155 லீற்றருக்குள் தண்ணீர் பாவிக்குமாறு கேட்கப்பட்டதை இங்கு நெடுங்காலம் இருந்தோர் மறந்திருக்கமாட்டார்கள். அதையும் இளையோருக்குச் சொல்லி வைக்கலாம்.

சீட்டைக் கையில் எடுத்தபின்

இரண்டாம் பிரிவில், 'சுற்றாடலுக்கு உதவும் உங்கள் பழக்கம் ஒன்றை விவரியுங்கள். அது என்ன, எப்போது தொடங்கினீர்கள், எப்படிச் செய்கிறீர்கள், ஏன் அதைச் செய்கிறீர்கள்' என்னும் முறையில் ஒரு சீட்டு வந்ததாகக் கொள்ளலாம். கிடைத்த ஒரு நிமிடத்தில் முழு வாக்கியங்கள் எழுத முயன்றால் இரண்டு வரிக்குள் நேரம் முடிந்துவிடும். நாலைந்து சொற்களே போதும்: 'வாழையிலை, அம்மா, லஞ்ச் ஷீற், 2017, இப்போது பெட்டி'.

அச்சொற்களிலிருந்து பேச்சு இவ்வாறு விரியலாம்: சின்ன வயதில் அம்மா சோற்றுப் பார்சலை வாழையிலையில் கட்டித் தந்தார். பின்னர் கடைகளில் லஞ்ச் ஷீற் வந்தது; அது மலிவு, ஒழுகாது என்று எல்லோரும் மாறினோம். சாப்பிட்டபின் அந்தத் தாள்கள் வாய்க்கால்களை அடைத்துக் கிடந்தன. 2017 ஏப்ரலில் கொழும்பு மீதொட்டமுல்லையில் குப்பை மேடு சரிந்து 30க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அவ்வாண்டு செப்ரெம்பரில் இலங்கை அரசு லஞ்ச் ஷீற்றைத் தடை செய்தது. இப்போது இங்கே நாங்கள் வேலைக்குப் போகும்போது மூடியுள்ள பெட்டியில் சோறு கொண்டுபோகிறோம். இலையின் மணம் இல்லை. ஆனால் எறிவதற்கு ஒன்றும் இல்லை.

இப்பேச்சில் இறந்தகாலம் வருகிறது, 'முன்பெல்லாம் செய்வோம்' என்னும் வழக்கத்தைக் குறிக்கும் 'யூஸ்ட் ரு' வருகிறது, நிகழ்காலமும் வருகிறது. இலக்கணத்துக்குரிய புள்ளி இப்படி இயல்பாகச் சேரும். தன் வாழ்வில் நடந்ததைச் சொல்லும்போது காலங்கள் தாமாகவே ஒழுங்குபட்டு வருவதையும், கட்டிய கதையைச் சொல்லும்போது தடுமாறுவதையும் வீட்டிலே சோதித்துப் பார்க்கலாம். நினைவில் இல்லாத சிறு விபரத்தைக் கற்பனையால் நிரப்புவதைப் பரீட்சகர் தடுப்பதில்லை; ஆனால் முதுகெலும்பு உண்மையாக இருந்தால் பேச்சு நிமிர்ந்து நிற்கும்.

வாதமும் எதிர்வாதமும்

மூன்றாம் பிரிவிலேதான் 7ஐ நாடுவோர் கவனம் செலுத்த வேண்டும். 'சுற்றாடலைக் காக்கும் பொறுப்பு அரசுக்கா, தனி மனிதருக்கா?' என்பது போன்ற வினா வரும். 'இருவருக்கும்' என்று கூறி நிறுத்தினால் முதற் பிரிவில் 'ஆம்' என்று நிறுத்தியதற்கு ஒப்பாகும்.

இங்கும் கண்ட செய்தியே உதவும். சுன்னாகம் பகுதிக் கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்தபோது, ஒவ்வொரு வீட்டாரும் எவ்வளவு கவனமாக வாழ்ந்திருந்தாலும் தம் கிணற்றைத் தாமே காத்திருக்க முடியாது. வழக்கு இலங்கை உயர் நீதிமன்றம்வரை சென்று, 2019இல் நட்டஈடு வழங்குமாறு தீர்ப்பாயிற்று. ஆகவே பெரிய தொழில்களைக் கட்டுப்படுத்துவது அரசும் நீதிமன்றமுமே செய்யக்கூடிய காரியம் என்று ஒருவர் வாதிடலாம். அதன்பின், 'ஆயினும் சட்டம் மாத்திரம் போதாது. மஞ்சள் மூடித் தொட்டிக்குள் சோற்று மிச்சத்தைப் போட்டால் அரசு என்ன செய்யும்?' என்று மறுபக்கத்தையும் காட்டலாம். ஒரு பக்கம், ஒரு நிகழ்ச்சி, மறுபக்கம், தன் முடிவு என்னும் நான்கு படிகள் இவை. யாழ்ப்பாணத்துத் திண்ணைகளில் அரசியல் பேசிய பரம்பரைக்கு வாதம் புதிதல்ல. அதை ஆங்கிலத்தில், குரலை உயர்த்தாமல் செய்யப் பழக வேண்டும், அவ்வளவே.

நாவில் கவனிக்க வேண்டியவை

பேசும் தொனி வெள்ளைக்காரருடையது போல இருக்க வேண்டும் என்று அட்டவணை கேட்பதில்லை. விளங்குகிறதா என்றுதான் கேட்கிறது. ஆகவே இல்லாத தொனியை வரவழைத்து மூக்கால் பேச வேண்டியதில்லை. நம்மவர் விளங்காமற் போகும் இடங்கள் சில உண்டு. அவற்றைத் திருத்தினாற் போதும். முதலாவது, சொல்லில் எந்த அசையை அழுத்துவது என்பது. தமிழில் எல்லா அசைகளையும் ஏறக்குறைய ஒரே பலத்தோடு ஒலிக்கிறோம். ஆங்கிலத்தில் ஒன்றை அழுத்தி மற்றவற்றை விழுங்குவார்கள். 'என்வைரன்மென்ற்' என்ற சொல்லில் அழுத்தம் 'வை'யில் விழ வேண்டும். இரண்டாவது, உதட்டைக் குவித்துச் சொல்லும் 'வ'வும், பல்லை உதட்டில் வைத்துச் சொல்லும் 'வ'வும் ஆங்கிலத்தில் வெவ்வேறு எழுத்துகள். தண்ணீர், காற்று, கழிவு என்பவற்றின் ஆங்கிலச் சொற்கள் மூன்றும் குவித்த 'வ'வில் தொடங்குவதால், சுற்றாடல் வினாவில் இது அடிக்கடி வந்து மாட்டும். மூன்றாவது, 'பஸ்' என்பதைப் 'பஸ்சு' என்று இறுதியில் உகரம் சேர்த்து ஒலிப்பது.

இலக்கணத்தில், 'ஐ ஆம் ஹாவிங் ரு சில்ட்றன்' என்பது போன்று, உடைமையைக் கூறுமிடத்தில் நடந்துகொண்டிருக்கும் காலத்தைச் சேர்ப்பது நம்மவரிடையே பரவியுள்ள பழக்கம். 'ஐ ஹாவ்' என்று நிறுத்திக்கொள்ள வேண்டும். நாள்தோறும் செய்யும் காரியங்களைச் சொல்லும்போதும் அப்படியே. 'மூன்று வருடங்களாக' என்பதைச் 'சின்ஸ்' என்று தொடங்காமல் 'ஃபோர்' என்று தொடங்குவதும் நினைவில் இருத்தற்பாலது.

இல்லத்திலே பயிற்சி

இப்பயிற்சிக்குப் பெருஞ் செலவு தேவையில்லை. இரவுச் சாப்பாட்டின் பின் பதினைந்து நிமிடம் ஒதுக்கினால் ஒரு முழுப் பரீட்சை நடத்திவிடலாம். இங்கே பள்ளிக்கூடம் செல்லும் பிள்ளை மணிக்கூடு பிடித்துப் பரீட்சகராக இருக்கட்டும். 'அம்மாவுக்கு இங்கிலிஷ் வராது' என்று பிள்ளைகள் சிரிக்கும் வீடுகளில், அந்தச் சிரிப்பே தாயின் நாவைக் கட்டிவிடுகிறது என்பதையும் தந்தையர் கவனிக்க வேண்டும். பிழை திருத்துவதைப் பேச்சு முடிந்தபின் வைத்துக்கொள்வது நல்லது. ஒவ்வொரு சொல்லிலும் மறித்தால் தொடர்ந்து பேசும் பழக்கம் வளராது. தொடர்ந்து பேசுதல் தனிப் புள்ளிக்குரியது.

தொலைபேசியில் தன் பேச்சைப் பதிவு செய்து மறுநாள் கேட்பது மிகவும் பயன் தரும். முதல் நாள் கேட்க வெட்கமாக இருக்கும். நாலாம் நாள், எந்த இடத்தில் 'அ... அ...' என்று இழுக்கிறோம் என்பது தானாகவே தெரியும். வினாக்களுக்கும் பஞ்சமில்லை. காலையில் எழுந்ததும் முதலில் என்ன செய்வீர்கள்? உங்கள் தெருவில் எதை மாற்ற விரும்புவீர்கள்? சிறு வயதில் தண்ணீர் எங்கிருந்து வந்தது? கடைக்குப் போகும்போது எந்தப் பையைக் கொண்டுபோவீர்கள்? மக்கள் ஏன் பழுதான பொருளைத் திருத்தாமல் எறிகிறார்கள்? நாளொன்றுக்கு ஐந்து வினா என்று எடுத்தால் ஆறு கிழமைகளில் இருநூறைத் தாண்டிவிடும். அவற்றுக்கு எழுதிய விடை ஒன்றும் வேண்டாம். ஒரே வினாவுக்கு மூன்று நாட்களில் மூன்று விதமாக விடை சொல்லிப் பழகினால், பாடமாக்கும் ஆசையும் விட்டுப்போகும்.

இவ்விடத்தில் மூத்த அங்கத்தவர்களுக்கு ஒரு கடமை உண்டு. கச்சேரியிலும் பாடசாலையிலும் வங்கியிலும் ஆங்கிலத்தில் கடமையாற்றி இளைப்பாறியோர் பலர் நம்மிடையே இருக்கிறார்கள். வாரம் ஒரு மணித்தியாலம், பரீட்சைக்குச் செல்லும் ஒருவருடன் எதிரும் புதிருமாக அமர்ந்து வினாவக்கூடியவர்கள் இவர்கள். அந்நியர் ஒருவரின் முகத்தைப் பார்த்து ஆங்கிலத்தில் பேசுவது பலருக்கும் பரீட்சை நாளன்றே முதன்முறையாக நேர்கிறது. அது முதன்முறையாக இல்லாமல் இருபதாவது முறையாக இருக்கும்படி செய்துவிட்டால், அரைப் புள்ளியால் தவறும் பிள்ளைகளுள் சிலரையாவது கரையேற்றலாம். ஆலயத்துக்கு வரும் நாளில், பூசை முடிந்து எல்லோரும் சாப்பிட்டு எழும் நேரத்தில், மண்டபத்தின் ஓர் ஓரத்தில் இரண்டு கதிரைகள் போட்டாலே இக்காரியம் தொடங்கிவிடும்.